படுவான்கரையைச் சுற்றிக் காட்டிய நாள்

நான் மட்டக்களப்பைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவன். ஒல்லாந்தர் கோட்டை, வெளிச்சவீடு, மீன் சந்தை, கல்லடிப் பாலம், கடற்கரை. இதுதான் என் வழமையான சுற்று. பாலத்தில் வேனை நிறுத்தினால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், இந்த வாவியில் மீன் பாடுமாமே, உண்மையா என்று. பாடும், இன்றைக்கு அதற்கு லீவு என்று சொல்வேன். சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். இந்தப் பகிடியைச் சொல்லிச் சொல்லி எனக்கே என் மீது வெறுப்பு வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து சில வருடங்களான பிறகு, கல்லடியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அறுபத்தைந்து வயது இருக்கும். நரைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். தனியாக வந்திருந்தார். கோட்டைச் சுவரை ஐந்து நிமிடம் பார்த்தார். "இது எங்களிடமும் இருக்கிறது, இதைவிடப் பெரிதாக" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. வேறு என்னதான் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

அப்போதுதான் தன் தொழிலைச் சொன்னார். அவரும் என்னைப் போல ஊர் சுற்றிக் காட்டுகிறவர்தான். அவருடைய நகரத்தைப் பல காலம் கம்யூனிஸ்ட் கட்சி ஆண்டிருக்கிறது. ஒருநாள் சனங்கள் தெருவில் இறங்கி அதைக் கவிழ்த்துவிட்டார்கள். இப்போது அவர் பயணிகளைக் கால்நடையாகக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தோம், எப்படிக் கவிழ்த்தோம் என்று காட்டுகிறார். என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே சனம் வரிசையில் நின்ற கடை, இரகசியப் பொலிசின் கட்டடம், சிலையை விழுத்திய பிறகு வெறும் பீடம் மட்டும் நிற்கிற சதுக்கம். கடைசியாக ஒரு கோப்பிக் கடை. சுற்றை எப்போதும் சனம் ஆறுதலாக மூச்சுவிடுகிற இடத்தில்தான் முடிக்க வேண்டுமாம். அது அவர்கள் தொழிலின் விதி என்றார்.

"உங்கள் ஊரிலும் ஓர் ஆட்சி இருந்து விழுந்திருக்கிறதே. அந்தச் சுற்றை நீங்கள் நடத்தினால் எங்கே தொடங்குவீர்கள்?" என்று கேட்டார்.

ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "வலையிறவுப் பாலத்தில்" என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

"நாளைக்குப் போவோம்" என்றார்.

நாளைக்கு இரண்டு மணிக்கு எனக்கு ஓர் இடத்தில் வேலை இருந்தது. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற ஆணைக்குழு பிரதேச செயலகத்தில் கடைசி நாளாக இருக்கப் போகிறது. அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய், என் தங்கையின் பெயரைக் காணாமற்போனவர்களின் பட்டியலில் பதிய வேண்டும். அம்மாவுக்கு அதைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. மற்றத் தாய்மாரெல்லாம் எப்போதோ பதிந்துவிட்டார்கள். எங்களால் மட்டும் முடியவில்லை. காரணம், என் தங்கை சுனாமியில் இறந்துபோனாள் என்று அரசாங்கப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதச் சொல்லிக் கையெழுத்து வைத்தவன் நான்.

அம்மா இருப்பது உன்னிச்சையில். படுவான்கரையைக் காட்டிவிட்டு வரும் வழியில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்தால் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை வலையிறவுப் பாலத்தின் நடுவில் வேனை நிறுத்தினேன். வாவியில் இரண்டு தோணிகள் வலை போட்டுக்கொண்டிருந்தன. "இந்தப் பக்கம் சூரியன் எழுகிற எழுவான்கரை, அந்தப் பக்கம் சூரியன் படுகிற படுவான்கரை" என்று தொடங்கினேன். "இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம். இங்கே ஒரு சட்டம், அங்கே ஒரு சட்டம். இங்கே ஒரு பொலிஸ், அங்கே ஒரு பொலிஸ். அம்மா சந்தைக்கு வந்துபோனால் ஒரே நாளில் இரண்டு நாட்டுக்கு மரியாதை செய்ய வேண்டும்."

எதையெல்லாம் கொண்டுபோக விடவில்லை என்று கேட்டார். ரோர்ச் பற்றரி, சீமெந்து, யூரியா, மெழுகுதிரி, அளவுக்கு மிஞ்சின மருந்து. ஒருமுறை அம்மா வாங்கிவந்த சவர்க்காரக் கட்டியைச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்த்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று. அம்மா இரண்டு துண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "வெட்டினதும் நல்லதுதான், ரெண்டு பேரும் ஒண்டாக் குளிக்கலாம்" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். அம்மா அப்போது அப்படித்தான் இருந்தார்.

"எங்களிடம் சவர்க்காரமே இருக்கவில்லை" என்றார் அந்தப் பெண்மணி. யாருக்கு அதிகக் கஷ்டம் என்று எங்களுக்குள் ஒரு போட்டி நடப்பது போல எனக்குப் பட்டது.

பாலத்தைக் கடந்து வயல்களுக்கு நடுவே போனோம். இயக்கத்தின் அலுவலகம் இருந்த வீட்டைக் காட்டினேன். அதில் இப்போது யாரோ மாடு கட்டுகிறார்கள். ஊரைவிட்டு வெளியே போவதற்கு அங்கேதான் அனுமதித் துண்டு எழுதி வாங்க வேண்டும். போகிறவன் திரும்பி வருவான் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். நீதிமன்றம் இருந்த கட்டடத்தையும் காட்டினேன். கூரை இல்லை. உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெண்மணி ஒரே கேள்வியைக் கேட்டார்: "இங்கே யார் காட்டிக்கொடுத்தார்கள்?" அவருடைய நாட்டில் அதுதான் பெரிய விஷயமாம். பக்கத்து வீட்டுக்காரன், கூடப் படித்தவள், சொந்த மைத்துனன் எல்லோரும் இரகசியப் பொலிசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இங்கே காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்று ஊருக்கே தெரியும்" என்றேன்.

பிள்ளைகளின் கதைக்கு வந்துவிட்டதால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தர வேண்டும் என்று இயக்கம் சொன்னது. எங்கள் வீட்டில் இரண்டு பேர். நான் மூத்தவன், ஆண் பிள்ளை. முறைப்படி நான்தான் போக வேண்டும். ஆனால் நான் கல்லடியில் சின்னம்மா வீட்டில் தங்கி, ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். வா என்று மூன்று தரம் ஆள் அனுப்பினார்கள். நான் போகவில்லை. நாலாவது தரம் ஆள் அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த தங்கையை வெள்ளைச் சட்டையோடு உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அம்மா வயல் வட்டைக்குள்ளால் குறுக்கே ஓடி, குளக்கட்டு வரைக்கும் மெசினுக்குப் பின்னால் போயிருக்கிறார். நான் அந்த நேரம் வகுப்பில் இருந்தேன். என்ன பாடம் என்றுகூட ஞாபகம் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன்னிச்சைக் குளக்கட்டில் இறங்கினோம். வெயில் ஏறிவிட்டது. குளத்தில் தண்ணீர் அரைவாசிதான் இருந்தது. அந்தப் பெண்மணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பிறகு?" என்றார்.

பிறகு இயக்கம் கிழக்கில் இரண்டாகப் பிளந்தது. பிளந்து அடிபட்ட நாட்களில் பிள்ளைகளை வீட்டுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். தங்கை கட்டையாக வெட்டிய முடியோடு வயல் வழியாக நடந்து வந்தாள். இரண்டு வருடத்தில் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. சாப்பிடும்போது வாசலைப் பார்த்துத்தான் இருப்பாள். கொஞ்ச நாளில் அந்த அடிபாட்டில் வென்ற பகுதியினர் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் போனவர்களெல்லாம் திரும்பி வர வேண்டும் என்றார்கள். அப்பா அவளை வைக்கோல் ஏற்றின வண்டிலில் வாவிக்கரை வரைக்கும் கொண்டுவந்தார். அங்கிருந்து நான் தோணியில் ஏற்றிக் கல்லடிக்குச் சின்னம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். கடற்கரையோரமாக இருந்த சின்ன வீடு. அதைவிடப் பாதுகாப்பான இடம் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த மார்கழியில் கடல் வந்தது.

நான் அன்றைக்கு நகரத்துக்குள் போயிருந்ததால் தப்பினேன். சின்னம்மாவை நாங்கள் பிறகு காணவேயில்லை. தங்கையை மட்டும் அலை தூக்கி, தெருவுக்கு அங்கால் வாவிப் பக்கமாக எறிந்திருக்கிறது. இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்தில், அகதிகளுக்கு நடுவில், யாரோ கொடுத்த பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும், "அண்ணா, சின்னம்மாட கையை நான்தான் விட்டன்" என்றாள். அதைத்தான் முதலில் சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும்போதே, கையில் பட்டியலோடு இரண்டு பேர் வகுப்பறை வகுப்பறையாகப் போவதைக் கண்டேன். திரும்பி வராத பிள்ளைகளைத் தேடி இயக்கத்து ஆட்கள் அகதி முகாமுக்குள்ளும் வந்துவிட்டார்கள்.

அவளை அந்தப் பெரிய சட்டையோடு பின் மதிலால் ஏற்றிக் கொண்டுபோனேன். அம்மா அடுத்த நாள் வாவியைக் கடந்து வந்தார். அவளைக் கண்டு, தொட்டுப் பார்த்து, தலையெல்லாம் தடவிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "மனே, சின்னம்மாவோட இவளும் கடலோட போயிட்டாள் எண்டு சொல்லு. செத்த புள்ளைய ஒருவனும் கேக்க மாட்டான்."

அந்த நேரத்தில் அதைவிடப் புத்தியான யோசனை ஒன்று இருக்க முடியாது என்று நினைத்தேன். உடல் கிடைக்காதவர்களுக்கு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் போதும், மரண அத்தாட்சிப் பத்திரம் தருகிறார்கள். கிராம சேவகர் முன்னால் போய் நின்றேன். "புள்ளையையும் காணயில்லையா தம்பி?" என்று கேட்டார். காணவில்லை என்றேன். அவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். சின்னம்மாவுக்கு அழுதது உண்மை, மிச்சம் நடிப்பு. ஒரே தாளில் இரண்டு பெயர் எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன். பிறகு கல்லடியில் கடலோடு போனவர்களுக்கு நினைவுக்கல் நட்டபோது, பட்டியலைப் பார்த்து அவளுடைய பெயரையும் சின்னம்மாவின் பெயருக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அவளை ஏறாவூரில் மறைத்து வைத்தோம். முந்தி எங்கள் ஊருக்குத் துணிப்பொட்டணி கொண்டுவருகிற முஸ்லிம் ஆள் ஒருவர் இருந்தார். வீட்டில் கைத்தறி போட்டு நெய்கிறவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரைக் காக்கா என்போம். அப்பா போய்க் கேட்டதும், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "எனக்கு மூணு பொம்புளப் புள்ள. நாலாவதும் இரிக்கட்டுமே" என்றாராம். தங்கை முக்காடு போட்டுக்கொண்டு, வேறு பெயரோடு, அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியாகத் தறியில் இருந்தாள். காக்கா கவனமான மனிதர். குடும்பப் பட்டியலில் அவளை எழுதவில்லை. காய்ச்சல் வந்தபோது தன் மகளின் பெயரில் மருந்து எடுத்தார். ஒரு படம் எடுக்க விடவில்லை, ஒரு கடிதம் எழுத விடவில்லை. நாங்களும் போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசிக் கடைக்குப் போய்க் குரலை மட்டும் கேட்டேன். அவள் கலகலவென்று பேசத் தொடங்கியிருந்தாள். பதினெட்டு வயது வந்தது. அடையாள அட்டை எடுக்க முடியாது, செத்தவளுக்கு யார் அட்டை கொடுப்பது? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

இவ்வளவையும் குளக்கட்டில் நின்று சொல்லிவிட்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டோம். அம்மா கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை கட்டியிருந்தார். மடியில் இரண்டு பொலித்தீன் பை. ஒன்றில் கடதாசிகள், மற்றதில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம். வழியில் ஏதாவது கோயிலில் வைக்கக் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பின்சீற்றில் இருந்து வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்து ஒருமுறை சிரித்தார், பிறகு வெளியே பார்த்தார்.

"ஆட்சி விழுந்த அன்று சனங்கள் என்ன செய்தார்கள்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். அவருடைய சுற்றில் அதுதான் உச்சமாம். சதுக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுத கதை.

எங்களிடம் சதுக்கமும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. ஷெல் அடி தாங்காமல் படுவான்கரைச் சனம் முழுவதும் வாவியைக் கடந்து தறப்பாள் கூடாரங்களுக்குள் இருந்தது. ஒருநாள் ரேடியோவில் கிழக்கை மீட்டுவிட்டோம் என்றார்கள். இயக்கம் கட்டிய வளைவை புல்டோசர் இடித்தது. பிள்ளைகளைப் புதைத்திருந்த துயிலும் இல்லத்தையும் இடித்துத் தரையாக்கினார்கள். ஓர் ஆயுதக்காரன் போனான், இன்னொரு ஆயுதக்காரன் வந்தான். நாங்கள் ஒன்றையும் விழுத்தவில்லை.

ஆனால் நான் சந்தோசப்பட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. என் தங்கையைத் தேடிக்கொண்டு திரிந்தவர்கள் தொலைந்தார்கள் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றதும், முதல் வேலையாகத் தொலைபேசிக் கடைக்கு ஓடினேன். "இனிப் பயமில்லை. முக்காடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீ நீயாவே வா" என்றேன். "அண்ணா, உண்மையாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். உண்மையாக என்றேன்.

காக்காதான் அவளை பஸ் ஏற்றிவிட்டார். பொட்டு வைத்துக்கொண்டு போனாளாம், அத்தனை நாளுக்குப் பிறகு. தன்னாமுனை தாண்டி ஒரு வளைவில் புதிதாக ஒரு சோதனை போட்டிருந்தார்கள். எல்லோரையும் இறக்கி அட்டை பார்த்தார்கள். அவளிடம் அட்டை இல்லை. முக்காட்டோடு, காக்காவின் மகளாக, காக்காவோடு போயிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. தன் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி, பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய பையை கொண்டக்டர்தான் எங்களைத் தேடிக் கொண்டுவந்து தந்தார். பைக்குள் அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலை இருந்தது. அம்மாவுக்காக அவளே நெய்தது.

யார் பிடித்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓர் ஆமி முகாமில் அவளுடைய பெயரைக் கேட்டு, எங்கேயோ தொலைபேசியில் விசாரித்துவிட்டு, அந்த அதிகாரி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "இவ சுனாமியில செத்தவ. செத்த ஆளை நாங்க எப்பிடிப் பிடிக்கிற?" என்றார். பொலிசில் முறைப்பாடு எழுதப் போனபோதும் அதே பதில்தான். அப்பா அந்த வருடமே படுத்து, எழும்பாமல் போனார்.

பிறகு வன்னியில் எல்லாம் முடிந்தது என்ற அன்று, நகரத்தில் வெடி கொளுத்தினார்கள், சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கி, இலையோடு கையில் வைத்துக்கொண்டு, "சண்டை முடிஞ்சா எல்லாரையும் விடத்தானே வேணும்?" என்று கேட்டார். தடுப்பு முகாமில் இருந்தவர்களை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய ஒவ்வொரு நாளும் போய் நின்றார். கடைசி ஆள் இறங்கி, சாரதி கதவைச் சாத்தும் வரைக்கும் நிற்பார். நான் தூரத்தில் வேனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண்மணி முன்சீற்றில் இருந்து திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, தன்னுடைய கதையைச் சொன்னார். ஆட்சி கவிழ்ந்த பிறகு அவர்கள் நாட்டில் இரகசியப் பொலிசின் கோப்புகளைத் திறந்துவிட்டார்களாம். யாரும் போய்த் தங்கள் கோப்பை வாசிக்கலாம். அவர் போய் வாசித்திருக்கிறார். கீழ்வீட்டுக்காரர் பதினொரு வருடம் அவரைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். எத்தனை மணிக்கு வந்தார், என்ன நிறக் கோட்டு, யாரோடு சிரித்தார், எந்தக் கிழமை இருமல். "நானே மறந்துபோன நாட்களெல்லாம் அதில் இருக்கின்றன. அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை" என்றார். பாவம் என்று நினைத்தேன். உண்மையாகவே அவருக்காக இரங்கினேன்.

பிரதேச செயலகத்து மண்டபம் நிறையத் தாய்மார். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம். அம்மாவின் மடியில் பள்ளிக்கூடச் சட்டையோடு எடுத்த படம், இயக்கம் கொண்டுபோவதற்கு முந்தியது. ஏறாவூரில் இருந்து காக்காவும் வந்திருந்தார். நன்றாக மெலிந்துபோயிருந்தார். அந்தப் பெண்மணி வேனில் இருக்க மாட்டேன் என்று எங்களோடு உள்ளே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கடதாசியைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்: "அம்மா, இவ இறந்ததாப் பதிவு இருக்கே?"

"அது பொய் சேர். நான்தான் பொய்ச் சத்தியம் முடிச்சு எழுதினன்" என்றேன். வழக்குப் போட்டு உள்ளே தள்ளினாலும் தள்ளட்டும் என்றுதான் வந்திருந்தேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்களைப் போல இன்னும் யாரையோ கண்டிருப்பார் போல.

"சரி. சுனாமிக்குப் பிறகு அவ உயிரோட இருந்தவ எண்டதுக்கு ஏதாவது ஒரு எழுத்து இருக்கா?"

காக்கா முன்னால் வந்தார். "என்ட ஊட்டில இருந்த புள்ள சேர். ரெண்டரை வருசம் என்ட கையால சோறு திண்ட புள்ள."

"உங்கட குடும்பப் பட்டியல்ல இருக்கா?"

"எழுதல்ல."

"கிளினிக் துண்டு?"

"என்ட மகள்ற பேர்ல எடுத்த."

"படம்? கடிதம்? வேற ஆராவது எழுதி வைச்சது?"

காக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்போது அம்மா எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்து மேசையில் வைத்தார். "இது அவள் நெய்தது ஐயா. செத்த புள்ள எப்பிடி ஐயா சேலை நெய்யும்?"

அதிகாரி அந்தத் தலைப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்ல துணி அம்மா" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, முதலில் நீதிமன்றத்தில் மரணப் பதிவை நீக்க வேண்டும் என்றும், அங்கேயும் இதையேதான் கேட்பார்கள் என்றும், எழுத்தில் ஒன்றும் இல்லாமல் கஷ்டம் என்றும் சொன்னார். கடதாசிகளை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தார். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் நல்லா ஒளிச்சி வெச்சிட்டன் மகன். கூடிப்போச்சி" என்றார். கண்ணீரைத் துடைக்காமலே பஸ்ஸுக்கு நடந்தார். அவருடைய வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் எத்தனை குடும்பம்! நாலாவது பிள்ளை திடீரென்று எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரண்டரை வருடம் ஒருவர் வாய் திறக்கவில்லை. ஒரு மொட்டைக் கடிதம் போடவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள்.

வேனில் ஏறிய பிறகு அந்தப் பெண்மணிக்கு நடந்ததை மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும், "உங்கள் கீழ்வீட்டுக்காரரைப் போல ஒருத்தர் எங்களுக்கு வாய்க்கவில்லை" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. எவனாவது ஒருவன் எங்களைக் காட்டிக்கொடுத்து, இந்த வீட்டில் இப்படி ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள், இன்றைக்கு முற்றத்தில் நின்று தலை உலர்த்தினாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தத் தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருப்பேன். அவன் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவரை விடுதியில் இறக்கக் கல்லடிக்கு வந்தோம். பாலத்தைக் கடக்கும்போது, "கடைசி இடம் எது?" என்று கேட்டார். கோப்பிக் கடை ஒன்றும் இல்லை என்றேன். அப்போது அம்மா பின்னால் இருந்து, "மனே, கல்லடியில நிப்பாட்டு. தங்கச்சிக்குப் பூ வைக்கணும்" என்றார்.

தங்கச்சி என்றது அம்மாவின் தங்கச்சியை, என் சின்னம்மாவை. ஒவ்வொரு மார்கழியும் அம்மா அந்த நினைவுக்கல்லுக்கு வருவார். சின்னம்மாவின் பெயருக்கு நேரே பூ வைத்துக் கும்பிடுவார். கும்பிடுவது ஒற்றைக் கையால்தான். மற்றக் கையால், கீழே இருக்கிற என் தங்கையின் பெயரை மூடிப் பிடித்துக்கொண்டிருப்பார். யாராவது அந்தப் பெயருக்கும் பூ வைக்க வந்தால் ஏசிக் கலைத்துவிடுவார். "என்ட புள்ளைக்கு ஏன் பூ வைக்கிறீங்க? உயிரோட இருக்கிறவளுக்கு ஆரும் பூ வைப்பாங்களா?" என்பார். அங்கே வருகிறவர்கள் பாவம் மனிசி, புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார்கள். நானும் விளக்கம் சொல்லப் போவதில்லை.

அன்றைக்கு மார்கழியும் இல்லை. கல்லைச் சுற்றி ஒருவரும் இல்லை. கடற்கரையில் நாலைந்து பேர் கரைவலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்மணி வேனை விட்டு இறங்கினார், ஆனால் கமராவை எடுக்கவில்லை.

அம்மா கல்லுக்கு முன்னால் நின்று வாழையிலையைப் பிரித்தார். மல்லிகைச் சரத்தை எடுத்துச் சின்னம்மாவின் பெயருக்கு மேல் பிடித்தார். வழக்கம்போல மற்றக் கை கீழே போகும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சரத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து அளவு பார்த்தார். ஒன்றைச் சின்னம்மாவுக்கு வைத்தார். அந்தச் சேலையின் தலைப்பால் தங்கையின் பெயரில் இருந்த தூசியை எழுத்து எழுத்தாகத் துடைத்தார். மற்றத் துண்டை அதன் கீழே வைத்தார்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயும் கும்பிடு மனே" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.